ரோஜாத் தோட்டம் தர்றேன்னு யார் சொன்னது?

இன்னைக்கு ஒரு நாவலோட கதை. நாவலுக்குள்ள என்ன நடக்குதுங்கிறதைவிட, அதை எழுதினவங்க ஏன் தன் பேரை மறைச்சாங்கங்கிறதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

1964-இல் அமெரிக்காவில் ‘ஐ நெவர் ப்ராமிஸ்டு யூ எ ரோஸ் கார்டன்’ வெளியானது. உனக்கு ரோஜாத் தோட்டம் தர்றேன்னு நான் எப்பவும் சொல்லலையே, அப்படின்னு அர்த்தம். அட்டையில் இருந்த பெயர் ஹன்னா கிரீன். கதை டெபோரா என்கிற 16 வயதுப் பெண்ணைப் பற்றியது. அவளுக்குள் ‘இர்’ என்று ஒரு தனி உலகம். அதற்கென்று தெய்வங்கள், அதற்கென்று ஒரு மொழி. வெளியுலகம் தாங்க முடியாதபோது ஓடி ஒளிய அவள் உண்டாக்கிக்கொண்ட இடம், கொஞ்சம் கொஞ்சமாக அவளையே சிறைபிடித்துவிடுகிறது. மனச்சிதைவு, அதாவது ஸ்கிட்சோஃப்ரீனியா என்று சொல்லி மனநல மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். இளையோர் நாவல்னு முத்திரை குத்தி வந்த புத்தகம் இல்ல இது. ஆனா டீன் ஏஜ் பசங்க அதைத் தங்களோடதா எடுத்துக்கிட்டாங்க. லட்சக்கணக்குல வித்துச்சு.

ஹன்னா கிரீன் புனைபெயர். எழுதினவங்க ஜோஆன் கிரீன்பெர்க், 1932-இல் புரூக்ளினில் பிறந்தவர். இதுல ஒண்ணு கவனிங்க. 1963-லயே அவங்க சொந்தப் பேர்ல ஒரு நாவல் போட்டுட்டாங்க. இடைக்கால இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் யூதர்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய சரித்திர நாவல். அதுக்கு ஒளிய வேண்டிய அவசியம் வரல. அடுத்த வருஷம் வந்த புத்தகத்துக்கு வந்தது, ஏன்னா அது அவங்க வாழ்க்கை. வீட்டில் சின்னப் பிள்ளைகள். அம்மா மனநல ஆஸ்பத்திரியில இருந்தவங்கன்னு தெரிஞ்சா ஊர் அந்தப் பிள்ளைகளை எப்படிப் பார்க்கும்?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1948-ல ஜோஆனுக்கு 16 வயசு. வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாந்தின் ராக்வில் ஊரில் செஸ்ட்நட் லாட்ஜ் என்ற தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்த நோய்க்கு மாத்திரை என்ற ஒன்றே அப்போது கிடையாது. குளோர்ப்ரோமசின் வந்தது 1950-களில். அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் இன்சுலின் கொடுத்து கோமாவுக்குக் கொண்டுபோறது, கரண்ட் ஷாக், மூளையில கத்தி வைக்கிற லோபாட்டமி. அந்த லோபாட்டமிக்காக 1949-ல போர்ச்சுகல் டாக்டர் ஒருத்தருக்கு நோபல் பரிசே கொடுத்தாங்க! அமெரிக்காவில் அதைப் பரப்பிய வால்டர் ஃப்ரீமன் தொழில் நடத்தியதும் அதே வாஷிங்டனில்தான்.

செஸ்ட்நட் லாட்ஜில் வேற வழி. உட்கார்ந்து பேசுவாங்க. வாரத்துக்குப் பல மணி நேரம், வருஷக்கணக்கா. வசதி உள்ள குடும்பங்களால்தான் முடிஞ்ச வைத்தியம்ங்கிறதையும் சொல்லிடணும். அந்தக் காலத்து அரசு மனநல மருத்துவமனைகளில் அடைந்துகிடந்தவர்களுக்கு இப்படி ஒரு நாற்காலி போட்டு யாரும் உட்காரவில்லை.

ஜோஆனோடு பேசியவர் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன். நாவலில் டாக்டர் ஃப்ரீட் இவங்கதான். 1889-இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். முதல் உலகப் போரில் மூளையில் அடிபட்ட சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்தவர். ஹிட்லர் வந்ததும் 1933-இல் நாட்டை விட்டு வெளியேறி, 1935-இல் அமெரிக்கா வந்து சேர்ந்தார். இவங்களைப் பத்தி ஒரு சம்பவம் சொல்றேன், எனக்கு அது மறக்கவே மாட்டேங்குது. தனிமையைப் பற்றி அவர் எழுதி முடிக்காமல் விட்ட கட்டுரை ஒன்று 1959-இல், அவர் இறந்த பிறகு அச்சானது. வாயே திறக்காமல் உறைந்துபோயிருந்த ஓர் இளம்பெண்ணைப் பற்றி அதில் வருகிறது. ஜோஆன் இல்லை, வேறொரு நோயாளி. எவ்வளவு தனியா இருக்கேன்னு ஃப்ரீடா அவளிடம் கேட்கிறார். பதில் பேச்சு இல்லை. அவள் கையைத் தூக்கி, நான்கு விரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திக் காட்டுகிறாள். நாம வாட்ஸ்அப்ல சும்மா தட்டிவிடுற அதே சைகை. அவளுக்கு அதன் அர்த்தம் வேற. அவ்வளவு தனியாவான்னு ஃப்ரீடா திருப்பிக் கேட்டதும் அவள் முகம் இளகுகிறது. அதுக்கப்புறம்தான் பேச்சு வருது.

அதுக்காக இவங்களைத் தெய்வமாக்க வேண்டாம். மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை 1948-இல் மருத்துவ உலகத்தில் போட்டதும் இதே ஃப்ரீடாதான். பிள்ளைக்கு நோய் வந்தது உன்னாலதான்னு எத்தனையோ அம்மாக்கள் பல வருஷம் கேட்க வேண்டியதாயிடுச்சு. நாவல் இந்த விஷயத்தில் டாக்டரைவிடக் கனிவானது. டெபோராவின் அம்மா எஸ்தரும் அப்பா ஜேக்கபும் அதில் குற்றவாளிகள் அல்ல, பயந்துபோன மனிதர்கள்.

தலைப்பு எங்கிருந்து வருதுன்னா, நாவலில் ஒரு வார்டு ஊழியர், ஈரத்துணியில் சுற்றிக் கட்டிவைத்த நோயாளியை அடிக்கிறார். பார்த்த டெபோரா புகார் சொல்கிறாள். எதுவும் நடக்கவில்லை. அப்போ நியாயமே இல்லாத உலகத்துக்கா என்னைத் திரும்பக் கூப்பிடுறீங்கன்னு டாக்டர்கிட்ட சண்டை போடுறா. அதுக்குக் கிடைக்கிற பதில்தான் தலைப்பு. சின்ன வயதில் டெபோராவுக்கு ஆபரேஷன் நடந்தபோது வலிக்காது என்று பெரியவர்கள் பொய் சொல்லியிருந்தார்கள். இந்த டாக்டர் பொய் சொல்லல. எல்லாம் சரியாயிடும்னும் சொல்லல. இருந்தும் டெபோரா அவரை நம்பத் தொடங்குகிறாள். என் கணக்கில் நாவல் திரும்புகிற இடம் இதுதான்.

ஜோஆன் 1951-இல் வெளியே வந்தார். படித்தார், கல்யாணம் செய்துகொண்டார். டாக்டரும் அவரும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதுவதாகத் திட்டம் இருந்தது. 1957-இல் ஃப்ரீடா இறந்துபோனார். இரண்டு பேர் எழுத வேண்டியதை ஒருத்தர் தனியா எழுதினாங்க, அதையும் இல்லாத பேர்ல. பிற்பாடுதான் ஜோஆன் கிரீன்பெர்க் என்ற பெயர் அட்டைக்கு வந்தது.

1977-இல் சினிமா வந்தது. டெபோராவின் யூத அடையாளத்தை அதில் சுத்தமாக எடுத்துவிட்டார்கள். 1981-இல் ஆய்வாளர்கள் இருவர் புதிய மருத்துவ அளவுகோல்களை வைத்துப் பார்த்து, அவளுக்கு இருந்தது மனச்சிதைவே இல்லை என்று எழுதினார்கள். இன்னொரு பக்கம், மாத்திரையே வேண்டாம், பேச்சு போதும்னு சொல்ல இந்தப் புத்தகத்தைக் காட்டுறவங்க இருக்காங்க. எனக்கு அது ஒத்துவரல. மாத்திரை வர்றதுக்கு முன்னாடி நடந்த கதை, மாத்திரைக்கு எதிரா எப்படி சாட்சி சொல்லும்?

செஸ்ட்நட் லாட்ஜை 2001-இல் மூடிவிட்டார்கள். 2009-இல் பிரதான கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது. ஃப்ரீடா குடியிருந்த சின்ன வீட்டை மட்டும் ராக்வில்காரங்க பழுதுபார்த்து வெச்சிருக்காங்க.