தரங்கம்பாடிக் கோட்டையும் ஒரு நூற்பட்டியலும்

பட்டுத் தறியின் ஓசையிலே கண்விழிக்கும் ஆரணியிலிருந்து மாணவர் சிலருடன் அண்மையில் தரங்கம்பாடி சென்றிருந்தோம். துணி ஒரு சரக்கு என்பதை எம் ஊர்ப் பிள்ளைகள் நன்கறிவர். அத்துணிக்காகவும் மிளகுக்காகவும் டென்மார்க்கிலிருந்து கப்பல் வந்த கதையை அவர்கள் அறியார்.

மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் தூதரான ஓவே கெத்தே, தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டார். நாயக்கர் பொன்னேட்டில் வரைந்தனுப்பிய தமிழ்க் கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் காக்கப்பெறுகிறது. அப்போது எழுந்ததே டேன்ஸ்போர்க் கோட்டை. 1845-ல் சேராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர் டேனியர். சிதைந்து கிடந்த கோட்டையைப் பிற்காலத்தில் டென்மார்க்கின் அன்பர்களும் நம் தொல்லியல் துறையினரும் சேர்ந்து செப்பனிட்டனர். சரக்கறைகளின் மேலே, ஆளுநர் வாழ்ந்த தளத்தில் இப்போது அருங்காட்சியகம் உள்ளது.

இவ்வூர்ச் சரித்திரம் சொல்வோர் பெரும்பாலும் மன்னர், ஆளுநர், பாதிரியார் என்று நிறுத்திவிடுவர். டேனியர் வருமுன்பே இக்கடற்கரையின் முஸ்லிம் வணிகர் துணியேற்றிச் சென்று அச்சேயிலும் மலாக்காவிலும் விற்று, மிளகும் தகரமும் கொண்டுவந்தனர். வந்தவர்கள் புதுவழி காணவில்லை. நம்மவர் ஓடிய வழியிலேதான் ஓடினர்.

1706-ல் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பயின்றார். (மாணவராக அமரக் கூசாதவரே ஆசிரியராகத் தகுவர் என்பது எமது அனுபவம்.) ஏடுகளைத் தேடித்தேடிச் சேர்த்தார். 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியல் வரைந்தார். அதில் முஸ்லிம்களின் தமிழ் நூல்களுக்கென ஒரு பகுதி வகுத்தார். நம் மார்க்கத்தோடு வாதிட வந்தவர்தாம். ஆயினும் நம் நூல்களின் பெயர்களை எழுதிவைத்தார்.

இதை மாணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கையில் எமது நா தடுமாறிற்று. நாம் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் பாட்டனார் வீடு இடிக்கப்பட்டது. பரணில் ஒரு மூட்டை அரபுத்தமிழ் கிதாபுகள் இருந்தன. செல்லரித்தவை, காலில் மிதிபடலாகாதே என்ற மரியாதையால், பெரியவர்கள் சொற்படி, அவற்றைக் கிணற்றில் இட்டோம். சுமந்து சென்றவர் நாமே. அரபு எழுத்தும் தமிழும் அறிந்திருந்தும், இடுமுன் ஒன்றையேனும் பிரித்து, அதன் பெயர் யாது, எழுதியவர் யாவர் என்று ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ளவில்லை.