கடவுச்சீட்டு: மங்கலம் வட்டாரம்

கடவுச்சீட்டு என்பது எல்லை கடப்பவர் யார், எந்நாட்டுக் குடிமகன் என்பதற்கு அரசு தரும் சான்றுப் புத்தகம், பேச்சில் பாஸ்போர்ட். திருப்பூரை அடுத்து, தறிச்சத்தம் ஓயாத மங்கலம் பகுதியில், ஐரோப்பாவுக்கு ஆர்டர் பிடிக்கப் போகும் பனியன் கம்பெனி முதலாளிக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் தொழிலாளிக்கும் அது வேண்டும். ஆனால் இருவரையும் சட்டம் ஒரே கண்ணால் பார்த்ததில்லை.

இந்தியாவில் கடல்வழிப் பயணிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியவை முதல் உலகப் போர்க்கால விதிகள். நாட்டுக்குள் வருவோருக்கான சட்டம் 1920இல் வந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளுக்கோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எண் பொறித்த தகர வில்லைதான் அடையாளம். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனார்கள்.

விடுதலைக்குப் பின்னும் பாஸ்போர்ட் தருவதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பமாகவே இருந்தது. அதை உடைத்தவர் ஓர் ஏற்றுமதி இறக்குமதி வணிகர் என்பதை திருப்பூர்க்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். அரசு திருப்பிக் கேட்ட பாஸ்போர்ட்டுகளுக்காக சத்வந்த் சிங் சாஹ்னி உச்ச நீதிமன்றம் போனார். 1967 ஏப்ரலில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் தலைமையிலான அமர்வு, மூவருக்கு இருவர் என்ற கணக்கில், வெளிநாடு செல்வது தனிமனித உரிமை என்றது. அதே ஆண்டு கடவுச்சீட்டுச் சட்டம் பிறந்தது. 1978இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கு அந்த உரிமையை இன்னும் உறுதியாக்கியது. திருப்பூர்ப் பின்னலாடை கடல் கடந்து விற்கத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வேறொரு கோடு கிழித்தது. பத்தாம் வகுப்பு தேறாதவர், வளைகுடா, மலேசியா உள்ளிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக, தனி அனுமதி பெற வேண்டும். பேச்சில் இந்த வகைக்கு ‘ஈசிஆர்’ (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று பெயர். ஏஜெண்டுகளிடம் ஏமாறாமல் காப்பதே நோக்கம், அது நியாயமானதே. ஆனால் வருமான வரி கட்டுபவருக்கு விலக்கு உண்டு. பள்ளிக்கூடம் முடிக்காமலே தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியானவர்கள் நிறைந்த ஊர் இது. அதே படிப்புள்ள இருவரில் வரி கட்டுபவர் தடையின்றிப் போவார், தறி ஓட்டுபவர் அனுமதிக்குக் காத்திருப்பார். ஈசிஆர் வகையினருக்கு ஆரஞ்சு நிற அட்டை என்று 2018 ஜனவரியில் அரசு அறிவித்தது. படிக்காதவரை நிறத்தால் பிரிப்பதா என்ற எதிர்ப்பு எழ, அம்மாதமே கைவிட்டது.

இன்னொரு சிக்கல் நம் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்தே எழுத வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவர்களை 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் திகைக்க வைத்தது: ஒற்றைப் பெயரோடு சுற்றுலா விசாவில் வருவோருக்கு அனுமதி இல்லை. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று சில நாளில் தளர்த்தினார்கள். இப்போது பலரும் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரையே எழுதிவிடுகிறார்கள். அதனால் வெளிநாட்டு விமான நிலையங்களில் மகனை அப்பா பெயர் சொல்லித்தான் அழைக்கிறார்கள்.