முனைவர் பட்ட மேலாய்வு உதவித்தொகை

முனைவர் பட்டம் முடித்த அறிவியல், பொறியியல் ஆய்வாளர் முழுநேர ஆய்வைத் தொடரக் குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கப்படும் நிதி. இந்தியாவில் முதன்மையானது தேசிய முனைவர் பட்ட மேலாய்வுத் திட்டம். அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த இது, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது. காலம் 2 ஆண்டுகள். வயது வரம்பு 35. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. நிரந்தரப் பணியிலுள்ள வழிகாட்டியின் ஒப்புதல் கட்டாயம். எடுத்துக்காட்டாக, தென்காசி மாவட்டம் ஆய்க்குடி வட்டாரத்தினர் வழிகாட்டி தேடக்கூடிய ஆய்விடங்களுள் ஒன்று, ஆழ்வார்க்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நடத்தும் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கும் அந்நாட்டு ஆய்வாளர் ஒருவரின் இசைவு வேண்டும். எனவே அறிவிப்புக்குக் காத்திராமல், ஆய்வுத் திட்டச் சுருக்கத்துடன் வழிகாட்டிக்கு முன்கூட்டியே எழுதுவது அவசியம்.