மாநாடுகளும் மரணங்களும்

அறிஞரும் அரசினரும் ஒரு மண்டபத்திற் கூடிப் பேசி, தீர்மானங்களை நிறைவேற்றிக் கலைவதை நாம் மாநாடு என்கிறோம். போர்களையும் புரட்சிகளையும் ஆராயும் வரலாற்றாசிரியர்கள் மாநாடுகளைப் பெரும்பாலும் ஒரு வரியிற் கூறி அப்பாற் செல்வர். ஆயினும், ஒரு சமுதாயம் எவருடைய உயிரை உயிராக மதிக்கிறது, எவருடைய சாவைக் கணக்கிற் சேர்க்காது விடுகிறது என்பதை அறிவதற்கு மாநாடுகளின் வரலாறு சிறந்த சான்றாகும். போதைப்பொருளால் நேரும் சாவுகளைத் தடுப்பது குறித்து மேனாடுகளிற் கூடிய மாநாடுகளின் கதை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இக்கதையின் முன்னுரை 1909ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஷங்காய் நகரில் எழுதப்பட்டது. பதின்மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் அங்கே சர்வதேச அபின் ஆணைக்குழுவாகக் கூடினர். பிலிப்பைன் தீவுகளிற் பேராயராயிருந்த அமெரிக்கரான சார்ள்ஸ் பிரென்ற் தலைமை வகித்தார். மண்டபத்தில் அமர்ந்திருந்தோர் யாவர் என நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இந்திய மண்ணில் அபினை விளைவித்து, அதனைச் சீனத்திற் புகுத்தும் வணிகத்தின் பொருட்டு 1839இற் போர் தொடுத்த பிரித்தானியப் பேரரசு அங்கே இருந்தது. தம் ஆசியக் குடியேற்ற நாடுகளில் அபின் விற்பனையை அரசின் ஏகபோகமாக நடத்தி வருவாய் பெற்ற பிரான்சும் ஒல்லாந்தும் இருந்தன. நஞ்சை விற்றவர்களே நஞ்சைப் பற்றி ஆராயக் கூடினர். அவர்கள் நிறைவேற்றிய தீர்மானங்கள் எவரையும் கட்டுப்படுத்தும் வலிமை பெறவில்லை.

1912இல் ஹேக் நகரில் முதலாவது சர்வதேச அபின் உடன்படிக்கை ஒப்பமாயிற்று. 1925இல் ஜெனீவாவிலும் 1961இல் நியூயோர்க்கிலும் மேலும் உடன்படிக்கைகள் உருவாயின. இவை யாவும் வீண் என்று கூறுதல் நேர்மையாகாது. கட்டற்றுப் பெருகிய அபின் வணிகத்துக்கு முதலிற் கரை கட்டியவை அவையே. ஆயின் அவற்றின் கண்கள் பொருளின் மீதே பதிந்திருந்தன. எவ்வளவு விளைந்தது, எவ்வளவு ஏற்றுமதியாயிற்று, எவருக்கு உரிமம் வழங்குவது என்பனவே அவற்றின் வினாக்கள். அப்பொருளை உட்கொண்டு, ஆளற்ற அறையொன்றில் மூச்சடங்கிப் போகும் மனிதன் அவற்றின் நிகழ்ச்சி நிரலில் இடம்பெறவில்லை.

நியூயோர்க் உடன்படிக்கை ஒப்பமான அதே 1961ஆம் ஆண்டில் வேறொரு நிகழ்ச்சியும் நேர்ந்தது. ஜாக் ஃபிஷ்மன், மோசஸ் லூவன்ஸ்டைன் என்னும் ஆய்வாளர் இருவர் நலொக்சோன் என்ற மருந்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தனர். இம்மருந்தின் செயலைச் சுருங்கக் கூறலாம். அபின், மோர்ஃபின், ஹெரோயின் முதலிய அபின் இனப் பொருள்கள் மூளையில் உள்ள சில ஏற்பிகளைப் பற்றிக்கொள்கின்றன. அளவு மீறும்போது, மூச்சை விடுமாறு உடலுக்கு ஏவும் கட்டளையே தளர்ந்துவிடுகிறது. சாவு பெரும்பாலும் இவ்வாறே வருகிறது. இதயத்தில் இடி விழுந்தாற்போல் உடனே வருவது அரிது. மூச்சு மெல்ல மெல்லக் குறைய, உதடு நீலம் பாய, சிறிது நேரம் கழிந்தே உயிர் பிரிகிறது. நலொக்சோன் அவ்வேற்பிகளிலிருந்து நஞ்சைத் தள்ளிவிட்டுத் தான் அங்கே அமர்ந்துகொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சுத் திரும்புகிறது. அபின் இனப் பொருள் உட்கொள்ளாத ஒருவருக்குத் தவறுதலாக ஏற்றினும் அது தீங்கு செய்வதில்லை. இத்தகைய மருந்துக்கு 1971இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

ஆகவே 1971ஆம் ஆண்டு முதலே இச்சாவுகளுட் பெரும்பாலானவை தடுக்கப்படக் கூடியவையாயிருந்தன. ஆயினும் கால் நூற்றாண்டு காலம் அம்மருந்து வைத்தியசாலைகளின் அலுமாரிகளிலும் அம்புலன்சு வண்டிகளிலுமே தங்கிவிட்டது. சாவு நிகழ்ந்ததோ வீட்டு அறைகளிலும் சந்துகளிலும். பல வேளைகளில் அருகே நண்பனோ மனைவியோ இருந்தனர். பொலிசுக்கு அஞ்சி உதவி கோராது விட்டோரும் பலர். அவர்களிடம் மருந்தைக் கொடுத்தால் போதைப் பழக்கத்துக்கு ஊக்கமளித்ததாகும் என்று ஒழுக்கம் பேசினோர் வாதிட்டனர். கிணற்றருகே கயிறு வைத்தால் மக்கள் துணிந்து கிணற்றில் விழுவர் என்பதை ஒத்தது இவ்வாதம்.

இந்நிலையில் 1990ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் புதுவகையான மாநாடொன்று கூடிற்று. இடம் தற்செயலாக அமைந்ததன்று. ஒருகாலத்தில் உலக வணிகத்தின் வாயிலாய் விளங்கிய அத்துறைமுகம் 1980களில் வேலையின்மையால் நலிந்திருந்தது. துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலையிழந்த குடும்பங்களின் இளைஞரிடையே ஹெரோயின் பரவியது. எயிட்சு நோய் ஊசிவழிப் பரவும் என்ற அச்சத்தால், 1986இல் அங்கே பழைய ஊசியைப் பெற்றுக்கொண்டு புதிய ஊசி வழங்கும் நிலையம் திறக்கப்பட்டது. அவ்வனுபவத்தை அடிப்படையாகக் கொண்டே போதைப்பொருளால் விளையும் தீங்கைக் குறைப்பதற்கான முதலாவது சர்வதேச மாநாடு அந்நகரிற் கூடியது. பழக்கத்தை ஒழித்த பின்னரே மனிதனைக் காப்போம் என்ற பழைய வரிசையை அது தலைகீழாக்கியது. முதலில் மனிதன் உயிரோடிருக்க வேண்டும். ஏனையவற்றைப் பின்னர் பேசலாம் என்பதே அதன் அடிப்படைக் கருத்து. அடுத்தடுத்த ஆண்டுகளில் பார்சலோனா, மெல்பேண் முதலிய நகரங்களில் இம்மாநாடு தொடர்ந்தது.

கருத்து மண்டபத்திற் பிறக்கலாம். அது கால் முளைத்து நடப்பது தெருவிலேதான். 1996இற் சிக்காகோ நகரில் டான் பிக் என்பாரும் அவருடைய தோழரும் நடத்திய சிறு அமைப்பொன்று, போதைப்பொருள் பாவிப்போரின் கையிலேயே நலொக்சோனைக் கொடுக்கத் தொடங்கிற்று. ஊசியை எவ்வாறு ஏற்றுவது, மூச்சை எவ்வாறு ஊதிக் கொடுப்பது என்பதையும் கற்பித்தது. அரசின் ஆணையை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. அதே ஆண்டில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையொன்றில் இதே கருத்தை அறிஞர் சிலர் வலியுறுத்தினர்.

ஆயின் 1996ஆம் ஆண்டு வேறொரு மாநாட்டுத் தொடரின் பிறப்பாண்டுமாகும். பேர்டியூ பார்மா என்னும் நிறுவனம் ஒக்சிகொன்டின் என்ற வலிநீக்கி மாத்திரையை அவ்வாண்டிற் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1996 முதல் 2001 வரை அந்நிறுவனம் புளோரிடா, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய மாநிலங்களின் உல்லாச விடுதிகளில் நாற்பதுக்கு மேற்பட்ட மாநாடுகளை நடத்திற்று. வைத்தியர், மருந்தாளர், தாதியர் என ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் அவற்றிற் கலந்துகொண்டனர். பயணச் செலவும் தங்கும் செலவும் நிறுவனத்தினுடையவை. அம்மருந்துக்கு அடிமையாவோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு என்று நிறுவனம் வைத்தியருக்குக் கற்பித்தது. அக்காலத்தில் இக்கருத்துக்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டியது, 1980இல் வைத்திய சஞ்சிகையொன்றில் வெளிவந்த ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம்! அக்கடிதம் வைத்தியசாலையில் தங்கியிருந்த நோயாளரைப் பற்றியது. மாதக்கணக்கில் வீட்டிலிருந்து மாத்திரை உண்போரைப் பற்றியதன்று. 1996இல் 4 கோடியே 80 இலட்சம் டொலராயிருந்த அம்மாத்திரையின் விற்பனை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 110 கோடி டொலராயிற்று. மருந்தின் அபாயத்தைக் குறைத்துக் காட்டிய குற்றத்தை நிறுவனத்தின் துணை நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் 2007இல் நீதிமன்றில் ஒப்புக்கொண்டனர். ஒருவரேனும் சிறை செல்லவில்லை. 2020இல் அந்நிறுவனம் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது.

ஒரே நாட்டில், ஒரே காலத்தில் இருவகைக் கூட்டங்கள் நிகழ்ந்தமை ஈண்டுக் கவனித்தற்குரியது. ஒன்றிற் செல்வம் மிகுந்திருந்தது. விருந்தும் கடற்கரையும் இருந்தன. அதிற் கற்றோர் திரும்பிச் சென்று எழுதிய மருந்துச் சீட்டுகள் புதிய அடிமைகளைப் படைத்தன. மற்றொன்று சிக்காகோவின் தெருவோரத்தில் நடந்தது. அங்கே கற்றோர் மூச்சடங்கியவர்களை எழுப்பினர். முன்னையது விஞ்ஞானம் என மதிக்கப்பட்டது. பின்னையது சட்ட மீறல் எனச் சந்தேகிக்கப்பட்டது.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், ஹெரோயின் சாவுகளைத் தடுக்கும் நடைமுறை வழிகளைப் பற்றியே ஆராயும் மாநாடொன்று கூடிற்று. தெருவிற் செய்து பார்க்கப்பட்டது இப்போது மண்டபத்துக்கு ஏறியது. மறு ஆண்டே நியூ மெக்சிகோ மாநிலம் பொதுமக்களுக்கு நலொக்சோன் வழங்கச் சட்டம் இயற்றியது. உதவிக்கு அழைப்போரை வழக்கிலிருந்து காக்கும் சட்டத்தையும் 2007இல் அதே மாநிலமே முதலில் இயற்றியது. 2006இல் வன்கூவர் நகரிற் கூடிய பதினேழாவது தீங்கு குறைப்பு மாநாட்டிற் போதைப்பொருள் பாவிப்போர் தாமே ஒரு பிரகடனத்தை வெளியிட்டனர். ஆராயப்படும் பொருளாக மட்டும் அதுவரை கருதப்பட்டோர், தம்மைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகளிற் பங்கு கோரினர்.

1909இலே தொடங்கிய அரச மாநாடுகளின் மரபு இவ்வுண்மையை மிகப் பிந்தியே ஏற்றது. வியன்னாவிற் கூடும் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு, அளவு மீறி உட்கொள்வதால் நேரும் சாவைத் தடுக்குமாறு 2012இலேதான் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. அருகிருப்போர் கையில் நலொக்சோன் இருத்தல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2014இல் வழிகாட்டியது. மருந்துக்கு அனுமதி கிடைத்ததோ 1971இல். இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகளை அறியாமையின் காலம் என்று கூற இயலாது.

அமெரிக்காவிற் போதை மாத்திரைகளையும் ஹெரோயினையும் பற்றிய தேசிய மாநாடு 2012இல் ஓர்லாண்டோவிலே தொடங்கியது. 2016இல் அட்லாந்தாவில் அது கூடியபோது அதிபர் ஒபாமாவே வந்து பேசினார். இது குற்றவியற் பிரச்சினை மட்டுமன்று, சுகாதாரப் பிரச்சினை என்றார். நல்ல வார்த்தையே. எனினும் ஒரு வினா எழாமற் போகாது. 1980களிற் கறுப்பினத்தவர் வாழும் நகர்ப்புறங்களிற் கொக்கெயின் பரவியபோது அந்நாடு பெரிதும் சிறைச்சாலை கட்டுவதிலேயே முனைந்தது. சாவு வெள்ளையரின் சிற்றூர்களையும் நடுத்தர வகுப்பு வீடுகளையும் எட்டிய பின்னரே குற்றவாளி நோயாளியானான். பரிவு பிறந்தது நன்று. அது எவருடைய வாசலிற் பிறந்தது என்பதும் வரலாற்றிற் பதிவாதல் வேண்டும்.

பயன் யாது? 1996 முதல் 2014 நடுப்பகுதி வரை அமெரிக்காவில் இத்தகைய அமைப்புகள் 1,52,283 பொதுமக்களுக்கு நலொக்சோன் வழங்கின. 26,463 பேர் மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மசச்சூசெட்சு மாநிலத்தில், மக்களுக்குப் பயிற்சி மிகுதியாக வழங்கிய ஊர்களிற் சாவு வீதம் ஏறத்தாழப் பாதியளவு குறைந்திருந்ததை 2013இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆயினும் ஃபென்டனில் என்னும் வலிய பொருள் பரவியமையால் 2021இல் மட்டும் அந்நாட்டில் 1,06,000க்கு மேற்பட்டோர் போதைப்பொருளால் மாண்டனர். இப்பேரழிவின் நடுவேயும் சந்தை தன் இயல்பை விடவில்லை. நலொக்சோன் ஏற்றும் ஒருவகைக் கருவியின் விலையை அதன் உற்பத்தியாளர் 2014இல் இருந்த 690 டொலரிலிருந்து 2017இல் 4,500 டொலராக உயர்த்தினர்! வைத்தியரின் சீட்டின்றி மருந்துக் கடையில் நலொக்சோன் விற்க அனுமதி கிடைத்தது 2023இலேதான்.

இவ்வரலாறு நமக்குத் தரும் அளவுகோல் எளியது. எந்த மாநாட்டையும் அதன் தீர்மானங்களின் நயத்தைக் கொண்டு மதிப்பிடல் ஆகாது. அதன் செலவை ஏற்றவர் யார்? அப்பிரச்சினையால் மாண்டு கொண்டிருப்போருக்கு அங்கே ஆசனம் இருந்ததா? மண்டபத்தை விட்டு வெளியேறியோர் தம் கையில் எதைக் கொண்டு சென்றனர்? உல்லாச விடுதிகளிலிருந்து சென்றோர் மருந்துச் சீட்டுப் புத்தகத்தைக் கொண்டு சென்றனர். சிக்காகோவின் தெருவோரத்திலிருந்து சென்றோர் ஒரு சிறு குப்பியும் ஊசியும் கொண்டு சென்றனர். அன்றிரவே அவை தேவைப்பட்ட வீடுகளும் இருந்தன.