நொச்சி சூடியவனும் கோல் காப்பவனும்



கண்டியில் விளையாட்டு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது றக்பிதான். நித்தவலை மைதானத்தில் ஆட்டம் என்றால் நகரமே அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஆனால் ஒருகாலத்தில் ஏரியாகக் கிடந்த போகம்பரையிலும், சுற்றியுள்ள தோட்டங்களின் சிறு மைதானங்களிலும் உதைபந்தாட்டமும் ஆடப்பட்டே வந்திருக்கிறது. அதைப் பார்ப்பவர் மனதில் என்றாவது எழும் கேள்வி ஒன்றுண்டு. பத்துப் பேர் ஒரே நிறச் சட்டையில் நிற்க, கோல் காப்பவர் மட்டும் ஏன் வேறு நிறத்தில் நிற்கிறார்?

விடை தேடினால் றக்பியிடமே போகவேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1863இல் லண்டனில் நடந்த பாகப்பிரிவினையில், பந்தைக் கையிலேந்தி ஓடலாமா, எதிராளியின் காலில் உதைக்கலாமா என்பவையே வழக்கு. இரண்டும் ஆகாது என்றோர் பக்கமே உதைபந்தாட்டம் ஆயிற்று. ஆனாலும் கை உடனே ஒழிந்துவிடவில்லை. அந்தரத்தில் வரும் பந்தைப் பிடிக்கும் உரிமை சில காலம் இருந்தது. 1870இல் எல்லோருக்கும் கை தடுக்கப்பட்டது. மறு ஆண்டே, தன் கோலைக் காக்கும் ஒருவருக்கு மட்டும் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கோல் காப்பாளர் சட்டப் புத்தகத்தில் பிறந்த ஆண்டு 1871. அதே ஆண்டில் றக்பிக்காரரும் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர் என்பது ஒரு சுவையான பொருத்தம்.

உரிமை தனியாக வந்தது. உடை தனியாக வரவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கோல் காப்பாளரும் தோழர்களின் சட்டையையே அணிந்தார். கோலின் முன் பத்துப் பதினைந்து பேர் சேற்றில் மோதிக்கொள்ளும்போது பந்தைத் தொட்ட கை யாருடையது? சட்டைகளில் இலக்கமும் இல்லாத காலம் அது. மத்தியஸ்தர் பாடு திண்டாட்டம்தான். எனவே 1909இல் விதி திருத்தப்பட்டது. கோல் காப்பாளர் செந்நிறத்திலோ அரச நீலத்திலோ சட்டை அணிய வேண்டும் என்றார்கள். 1912இல் பச்சையையும் சேர்த்தார்கள். பச்சைச் சட்டைக் கழகங்கள் குறைவு என்பதாலோ என்னவோ, விரைவிலேயே பெரும்பாலான காப்பாளர்கள் பச்சைக்கு மாறினர். அதே 1912இல்தான் அவர்களது கையின் எல்லையும் சுருங்கியது. அதுவரை மைதானத்தின் தம் பாதி முழுவதும் கையாளலாம் என்றிருந்தது, தண்டனைப் பகுதிக்குள் மட்டும் என்றாயிற்று.

இதைப் படித்தபோது எனக்கு நம் புறத்திணைப் பூக்கள் நினைவுக்கு வந்தன. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. போர்க்களத்தில் இவன் யாருடைய ஆள் என்று சொல்பவை இவை. இன்றைய அணிச் சட்டை போல. இவற்றோடு வேறொரு வரிசைப் பூக்களும் இருந்தன. ஆநிரை கவர்பவன் வெட்சி சூடினான். மீட்பவன் கரந்தை சூடினான். கோட்டையை முற்றுகையிடுபவன் உழிஞை. உள்ளே நின்று மதில் காப்பவன் நொச்சி. இவை ஆளைச் சொல்லவில்லை, அவன் செய்யும் தொழிலைச் சொல்லின. தொல்காப்பியர் உழிஞைக்குள் அடக்கிய நொச்சியைப் புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே பிரித்துவைத்தது. காப்பவனுக்குத் தனி இலக்கணம் வேண்டும் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

எங்கள் பக்கத்தில் இந்த விதியை யாரும் சொல்லித் தரவில்லை. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் ஆடிய நாட்களில் பத்துப் பேரும் பாடசாலை வெள்ளைச் சட்டையோடு ஓடுவோம். கோலில் நிற்பவன் மட்டும் அப்பாவின் பழைய சுவெற்றரோடு நிற்பான். விழுந்து புரள வேண்டியவன் அவன்; வெள்ளைச் சட்டை சேறானால் அம்மாவிடம் அடி நிச்சயம். அந்தக் காலத்து ஆங்கிலக் காப்பாளர்கள் அணிந்ததும் இப்படித் தடித்த கம்பளி மேலங்கிதான் என்று பிறகு அறிந்தேன். சட்டம் செய்ததை எங்கள் ஊரில் வறுமை செய்து வைத்திருந்தது.

தனி நிறம் என்றால் தனிப் பெருமை என்று எண்ணிவிடக் கூடாது. நமது தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்தில் 1998 முதல் லிபரோ என்றொருவர் வேறு நிறச் சட்டையில் ஆடுகிறார். அவருக்கு உரிமை குறைவு. வலைக்கு மேலே உயர்ந்து வரும் பந்தை அவர் அடிக்கக் கூடாது. அதிக உரிமையோ, குறைந்த உரிமையோ, இவருக்குச் சட்டம் வேறு என்று மத்தியஸ்தருக்குச் சொல்வதே அந்த நிறத்தின் வேலை.

ஆனால் அதே நிறம் கூட்டத்தின் கண்ணிலும் படுகிறது. 1950 ஜூலை 16இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் உருகுவே பிரேசிலை 2-1 என வென்றது. பழி முழுவதும் கோல் காப்பாளர் பார்போசாவின் தலையில் விழுந்தது. அன்று வெள்ளை அணிந்திருந்த பிரேசில், பிறகு அந்த நிறத்தையே கைவிட்டு மஞ்சளுக்கு மாறியது. அணி சட்டையை மாற்றிக்கொண்டு உலகக் கிண்ணங்களை வென்றது. பார்போசாவோ 2000இல் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகள், அந்த ஒரு கோலைச் சுமந்து திரிந்தார். முன்னே பந்தை இழந்தவர்கள் தோழர்களின் நிறத்துக்குள் கலந்துவிட்டனர். கலந்துகொள்ள அவருக்கு நிறம் இல்லை.

புறநானூற்றில் வெறிபாடிய காமக்கண்ணியாரின் பாட்டு ஒன்றில், முன்பு இளமகளிர் இடையில் தழையாக அணிந்த நொச்சி, மதில் காத்து வெட்டுண்ட வீரனின் குருதியில் தோய்ந்து உருமாறிக் கிடக்கிறது. ஊன் என்று எண்ணிப் பருந்து அதைக் கவ்விச் செல்கிறது. அந்தக் கோட்டை நின்றதா, வீழ்ந்ததா என்று புலவர் சொல்லவில்லை. காத்து நின்றவனைப் பாட அவருக்கு அது தேவைப்படவில்லை. நமது மைதானங்களில் நிற்கும் பிள்ளைகளுக்கும் அத்தகைய பார்வையாளர்கள் வாய்க்க வேண்டும்.