ஆண்டுக்கு ஐந்து நொடி: குவார்ட்ஸ் கைக்கடிகாரத் துல்லியத்தின் வளர்ச்சி வரலாறு

முன்னுரை

ஓர் ஆண்டுக்கு 3,15,36,000 நொடிகள். அவற்றில் ஐந்து நொடிக்கு மேல் பிசகக் கூடாது என்றால், கைக்கடிகாரத்தின் பிழை பத்து லட்சத்தில் 0.16 பங்குக்குள் அடங்க வேண்டும். 1969-இல் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தபோது, மாதத்துக்கு ஐந்து நொடி என்பதே வியப்புக்குரிய அளவாக இருந்தது. ஆண்டுக்கு ஒரு நொடி என்ற எல்லையைத் தொட அரை நூற்றாண்டு ஆனது. படிகத்தின் அதிர்வெண் கூடக் கூடத் துல்லியமும் கூடியது என்றே இந்த வளர்ச்சியைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். படிகத்தின் குறையை அளந்து, அந்த அளவைக் கொண்டே திருத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் நீண்டகாலத் துல்லியம் கைகூடியது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து மணிக்கட்டுக்கு

அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களின் பண்பை ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் உருமாறும் என்ற மறுதலைப் பண்பும் விரைவிலேயே உறுதியானது. 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினர். 1930-களில் பெர்லினில் ஷைபேயும் அடெல்ஸ்பெர்கரும் அமைத்த குவார்ட்ஸ் கடிகாரங்கள், பூமியின் சுழற்சியே முற்றிலும் சீரானதல்ல என்பதைக் காட்டும் அளவுக்கு நுட்பமாக ஓடின.

அந்தக் கடிகாரங்களுக்கு இரண்டு வசதிகள் இருந்தன: இடம், மின்சாரம். படிகத்தை வெப்பநிலை மாறாத அடைப்புக்குள் வைத்துக் காக்க முடிந்தது. பொத்தான் அளவு பேட்டரியில் ஓராண்டாவது ஓட வேண்டிய கைக்கடிகாரத்தில் அதற்கு வழியில்லை. 1962-இல் சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெலில் தொடங்கப்பட்ட மின்னணுக் கடிகார ஆய்வு மையமும் ஜப்பானின் செய்கோ நிறுவனமும் இந்தச் சிக்கலோடுதான் போராடின. செய்கோ 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் ‘ஆஸ்ட்ரான்’ கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் வெளியிட்டது. அதன் படிகம் நொடிக்கு 8,192 முறை அதிர்ந்தது. மறு ஆண்டு சுவிஸ் நிறுவனங்கள் கூட்டாகக் கொண்டுவந்த ‘பீட்டா 21’ இயக்கமும் அதே அதிர்வெண்ணில் ஓடியது.

32,768: ஒரு சமரசத்தின் எண்

1970-களில் இத்துறை 32,768 ஹெர்ட்ஸில் நிலைகொண்டது. இந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். இசைக்கவை வடிவப் படிகத்தை, ஐசி சில்லு தயாரிப்பில் உள்ளதுபோல் ஒளிவழி அச்சிட்டு அரித்தெடுக்கும் முறை வந்ததும் விலை மளமளவென்று இறங்கியது. டாட்டா குழுமமும் தமிழ்நாட்டின் டிட்கோவும் 1984-இல் கூட்டாக நிறுவி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன், குவார்ட்ஸை நம்பித் துணிந்து இறங்க முடிந்ததற்கு இந்த விலைச் சரிவும் ஒரு காரணம்.

ஆனால் இசைக்கவைப் படிகத்துக்குப் பிறவிக்குறை ஒன்று உண்டு. சுமார் 25 பாகை செல்சியஸில் அது உச்ச வேகத்தில் அதிரும். வெப்பநிலை கூடினாலும் குறைந்தாலும் வேகம் தணியும். விலகலின் வர்க்கத்துக்கேற்பப் பிழை வளரும். வரைபடத்தில் அது கவிழ்ந்த பரவளையம். ஒரு பாகை விலகலுக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.035 பங்கு என்றால், 38 பாகை வெயில் நாளில் அலமாரிமேல் கிடக்கும் கைக்கடிகாரம் 13 பாகை விலகி நிற்கிறது. 13-இன் வர்க்கம் 169. பிழை பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஆறு பங்கு. அதாவது நாளுக்கு அரை நொடி, மாதத்துக்குப் பதினைந்து நொடி இழப்பு. மணிக்கட்டில் கட்டியிருந்தால் உடற்சூடு இந்த ஏற்ற இறக்கத்தை ஓரளவு தணிக்கிறது. ஒரே கைக்கடிகாரம் கட்டும்போது ஒரு விதமாகவும் கழற்றி வைக்கும்போது வேறு விதமாகவும் ஓடுவதன் காரணம் இதுவே.

அதிர்வெண் பந்தயமும் அதன் எல்லையும்

இக்குறையைத் தாண்ட எடுத்த முதல் வழி வேறு வெட்டுப் படிகம். 1974-இல் ஒமேகாவின் ‘மெகாகுவார்ட்ஸ் 2400’ ஏறத்தாழ 24 லட்சம் ஹெர்ட்ஸில் ஓடி, பெசான்சன் வானாய்வகத்தின் கடற்பயணக் காலமானிச் சான்றிதழைப் பெற்றது. 1975-இல் சிட்டிசனின் ‘கிரிஸ்ட்ரான் 4 மெகா’, 41,94,304 ஹெர்ட்ஸில், ஆண்டுக்கு மூன்று நொடி என்று அறிவித்தது. ‘ஏடி’ வெட்டு எனப்படும் இவ்வகைப் படிகத்தின் சிறப்பு வேகத்தில் மட்டும் இல்லை. அறை வெப்பநிலையை ஒட்டி அதன் வளைவு ஏறத்தாழத் தட்டையாக இருக்கும். அதற்கான விலையைப் பேட்டரி கொடுத்தது. அவ்வளவு வேகமான துடிப்புகளை எண்ணும் சுற்று, அன்றைய தொழில்நுட்பத்தில் மின்சாரத்தை விழுங்கியது. பந்தயம் அங்கேயே நின்றது.

திருத்தும் கலை

அடுத்து வந்தவர்கள் 32,768-இன் குறையை ஏற்றுக்கொண்டு அதைக் கணக்கிட்டனர். 1978-இல் செய்கோவின் ‘ட்வின் குவார்ட்ஸ்’ இரண்டு படிகங்களை வைத்து, அவற்றின் வேறுபாட்டைக் கொண்டு வெப்பநிலைப் பிழையைத் திருத்தி, ஆண்டுக்கு ஐந்து நொடியை எட்டியது. பின்னாளில் வெப்ப உணரியே போதுமானதாயிற்று. 1993-இல் வந்த கிராண்ட் செய்கோ 9எஃப் இயக்கம் நாளுக்கு 540 முறை வெப்பநிலையை அளந்து திருத்துகிறது.

திருத்தும் முறை எளிது. படிகம் சற்று வேகமாக ஓடும்படி தயாரிக்கப்படும். சுற்று குறித்த இடைவெளியில் சில துடிப்புகளை எண்ணாமல் விடும். ஒரு நிமிடத்தில் 19,66,080 துடிப்புகள். நிமிடந்தோறும் அவற்றில் ஒன்றை விட்டால் ஆண்டுக்குப் பதினாறு நொடி குறையும். அதைவிட நுணுக்கமாகத் திருத்த, இடைவெளியை நீட்ட வேண்டும்.

மூப்பு

வெப்பநிலைப் பிழை வந்து போவது, மூப்பு அப்படியல்ல. பூச்சிலும் உறையிலும் இருந்து நுண்துகள்கள் படிகத்தின்மேல் படிவதாலும், பிடிமானத்தில் தேங்கிய இறுக்கம் தளர்வதாலும் அதிர்வெண் மெல்ல ஒரு பக்கமாக நகரும். முதல் ஆண்டில் மாற்றம் அதிகம். போகப் போகத் தணியும். 9எஃப் இயக்கத்துக்கான படிகங்களை மூன்று மாதம் மின்னோட்டத்தில் பழக்கிய பிறகே பொருத்துவது இதனால்தான்.

ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 0.1 பங்கு வீதம் சீராக நகரும் படிகத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஆண்டில் பிழை ஒன்றரை நொடிதான். பத்தாம் ஆண்டு முடிவிலோ அதன் வேகப்பிழை ஆண்டுக்கு 31 நொடியாகியிருக்கும். நேரத்தைச் சரிசெய்யாமலே விட்டிருந்தால் இரண்டரை நிமிடத்துக்கு மேல் பிசகியிருக்கும். மூப்பால் சேரும் பிழை காலத்தின் வர்க்கமாக வளர்கிறது. 9எஃப் இயக்கத்தில் வேகத்தைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ ஒரு சிறு திருத்தி வைத்திருப்பது, இந்த உண்மையை வடிவமைப்பிலேயே ஒப்புக்கொண்டதன் அடையாளம்.

முடிவுரை

சிட்டிசன் 2019-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 0100 இயக்கம், ‘ஏடி’ வெட்டுப் படிகத்தை 83,88,608 ஹெர்ட்ஸில், ஒளியிலிருந்து பெறும் மின்சாரத்தில் இயக்கி, வெப்பநிலைப் பிழையையும் திருத்தி, ஆண்டுக்கு ஒரு நொடி என்கிறது. 1970-களில் பேட்டரியிடம் தோற்ற வழி, திருத்தும் கலையோடு கைகோத்தபின் வென்றிருக்கிறது. அதிர்வெண் மட்டும் துல்லியம் தரவில்லை என்ற கருதுகோளை இது வலுப்படுத்துகிறது.

ஒரு குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை எடைபோட, இன்று எத்தனை நொடி பிசகுகிறது என்பதைவிட, அந்தப் பிசகு ஆண்டுக்காண்டு எவ்வளவு மாறுகிறது என்பதே சரியான அளவுகோல். 1970-களின் படிகங்கள் அரை நூற்றாண்டு மூப்பைச் சுமந்து நிற்கின்றன. எந்த ஆய்வுக்கூடமும் அவசரமாகத் தயாரிக்க முடியாத சான்று அது. பழுதென்று தூக்கி எறியப்படுமுன் அவற்றின் வேகத்தை ஒரே வெப்பநிலையில் ஆண்டுதோறும் அளந்து பதிவுசெய்வது, அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் இப்போதே தொடங்க வேண்டிய பணி.