பழைய விளம்பர ஓவியங்களில் அணிகலன்: மைசூர் மரபு

பழைய விளம்பரப் படங்களில் பெண்ணுக்குப் பூட்டிய நகை செல்வச் செழிப்பை மட்டும் காட்டவில்லை. வெறுங்கழுத்தும் வளையலற்ற கையும் துக்கத்தின் அடையாளமாயிருந்த சமூகத்தில் தோடு, மூக்குத்தி, வளையல் மூன்றும் மங்கலத்தைச் சொல்லின. அவற்றை அணிந்தவள் கையிலிருக்கும் புதுப்பொருளுக்கும் அந்த மங்கலம் ஒட்டிக்கொண்டது.

இந்த வழக்கத்துக்கு அடித்தளம் ராஜா ரவிவர்மா 1894-ல் மும்பையில் தொடங்கிய அச்சகம். அங்கே அச்சான லட்சுமியும் சரஸ்வதியும் பூசையறைக்குப் போனார்கள். பின்னர் சோப்பு நிறுவனங்களின் நாட்காட்டிகளிலும் இடம்பெற்றார்கள். ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் சில மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ளன. முத்தின் பளபளப்பையும் பழம்பொன்னின் மங்கிய ஒளியையும் அவர் பிரித்துக் காட்டிய நுட்பம் அச்சுப்படத்தில் பாதிகூடத் தெரியாது. 1941-ல் லக்ஸ் விளம்பரத்தில் நடிகை லீலா சிட்னிஸ் தோன்றியபோது தெய்வத்தின் இடத்துக்குத் திரை நட்சத்திரம் வந்துவிட்டார்.

மைசூர் சமஸ்தானம் வேறு வழியில் போனது.   அதன் வறண்ட இலையுதிர் காடுகள் சந்தனம் வளரும் நிலம். முதல் உலகப்போரால் சந்தனக்கட்டை ஏற்றுமதி முடங்கவே, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில், விசுவேசுவரய்யா திவானாக இருந்தபோது, 1916-ல் மைசூரில் சந்தன எண்ணெய் ஆலை எழுந்தது. அந்த எண்ணெயிலிருந்து சோப்பு செய்யும் முறையை உருவாக்கியவர் எஸ்.ஜி. சாஸ்திரி.

சாஸ்திரியின் உண்மையான மேதைமை அட்டைப்பெட்டியில் தெரிகிறது. அதை அவர் நகைப்பெட்டி போல வடிவமைத்தார். நகைக்கடையில் மெல்லிய தாளில் பொன்னைச் சுற்றித் தருவதுபோல, முட்டை வடிவச் சோப்பையும் சுற்றி உள்ளே வைத்தார். மற்றவர்கள் நகை அணிந்த பெண்ணின் கையில் சோப்பைக் கொடுத்தார்கள். இங்கே சோப்பே நகையாகிவிட்டது. அந்த நாளின் விளம்பரக் கலையில் இதைவிடத் துணிந்த சிந்தனை அரிது.

சோப்பின் முத்திரையாக வந்தது சரபம். தமிழருக்கு அப்பெயர் திருபுவனத்துச் சரபேஸ்வரரை நினைவூட்டும். ஆனால் இது சிங்க உடலும் யானைத் தலையும் கொண்டது. நம் கோயில் தூண்களின் யாளிக்கு நெருங்கிய உறவு.

சோப்பு கரைந்து தீர்ந்த பிறகும் மணம் போகாத அந்தப் பெட்டியைப் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைக்கும் வழக்கம் வீடுகளில் உண்டு.